பழைய கேமிங் கணினிக்கு எதை மாற்றலாம்: கார்டா, பிராசஸரா, எல்லாவற்றையுமா?

கிராபிக்ஸ் கார்டுகளைச் சோதித்து எழுதுபவர்கள், சந்தையில் உள்ளதிலேயே வேகமான பிராசஸரோடு சேர்த்துத்தான் சோதிப்பார்கள். கார்டின் முழு பலமும் தெரியவேண்டும் என்றால் அதுதான் சரியான முறை. ஆனால் நம் மேசைக்கடியில் இருப்பது 2018-இல் வந்த ஏஎம்டி பிராசஸரான ரைசன் 5 2600 என்றால், அந்தப் பட்டியலில் முதலில் நிற்கும் கார்டு நம்மிடம் மூன்றாவதாக வரலாம். சில கார்டுகள் பழைய கணினியோடு ஒத்துப்போகும், சில மல்லுக்கு நிற்கும். குறைந்த செலவில் மேம்படுத்த நினைப்பவர் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

பேச்சுக்கு ஒரு கணினியை எடுத்துக்கொள்வோம்: ரைசன் 5 2600, பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060 கார்டு. ஒரு காலத்தில் பலரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய கூட்டணி. இதில் கார்டுக்கு நேரம் முடிந்துவிட்டது. ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. ரே டிரேசிங் (ஒளியையும் நிழலையும் நிஜம்போலக் கணக்கிடும்) வசதி கார்டிலேயே இருந்தால்தான் ஓடுவேன் என்று அடம்பிடிக்கும் கேம்களும் வர ஆரம்பித்துவிட்டன.

யார் மூச்சு வாங்குகிறார்?

வாங்கும் முன் ஒரு சின்னச் சோதனை. வி-சிங்க் (திரையின் வேகத்தோடு படங்களை ஒத்துப்போகவைக்கும் அமைப்பு), எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) வரம்பு இரண்டையும் அணைத்துவிட்டு, நீங்கள் அதிகம் ஆடும் கேமில் கூட்டம் நிறைந்த ஒரு இடத்தில் போய் நில்லுங்கள். எஃப்பிஎஸ் எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் சட்டென்று எகிறினால் மூச்சு வாங்குவது கார்டு. அசையாமல் அங்கேயே நின்றால் பிராசஸர். டாஸ்க் மேனேஜர் பிராசஸரை 50 சதவீதம் என்று காட்டுவதை நம்பவேண்டாம். ஆறு கோர்களில் ஒன்று மட்டும் முழி பிதுங்கிக்கொண்டிருந்தாலும் சராசரி அப்படித்தான் தெரியும். கார்டின் பயன்பாட்டைப் பாருங்கள். அது எப்போதும் 95-க்கு மேல் இருந்தால் பிராசஸரை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

பிராசஸர்: 5500, 5600, 5700எக்ஸ்3டி

நம் பி450 போர்டில் உள்ள ஏஎம்4 சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2017-இல் வந்த மதர்போர்டுகள்கூடப் பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) மட்டும் புதுப்பித்தால் 5000 வரிசை பிராசஸர்களை ஏற்கின்றன.

5500-க்கும் 5600-க்கும் பெயரில் நூறுதான் வித்தியாசம். உள்ளே 5500-இல் 16 எம்பி எல்3 கேச் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்), 5600-இல் 32 எம்பி. கேம்களுக்கு இந்த கேச் ரொம்ப முக்கியம். போதாததற்கு 5500-இல் பிசிஐஇ (கார்டுக்கும் பிராசஸருக்கும் இடையிலான பாதை) 3.0 மட்டும்தான் உண்டு. விலை வித்தியாசம் சொற்பமாக இருக்கும்போது 5500-ஐ வாங்கக் காரணமே இல்லை. 5700எக்ஸ்3டி-யில் 96 எம்பி கேச். சிமுலேஷன், உத்தி வகைக் கேம்கள், பெரிய ஆன்லைன் கேம்கள் ஆடுபவர்களுக்கு அது வேறு உலகம். ஆனால் பெட்டியில் கூலர் கிடையாது, அதைத் தனியாக வாங்கவேண்டும். பயன்படுத்தியதை வாங்குவதென்றால் விற்பவர்கள் அதன் அருமை தெரிந்துதான் விலை வைக்கிறார்கள். குறைந்த செலவு என்றால் என் தேர்வு 5600. கூலரும் கூடவே வருகிறது.

இன்டெல் பக்கம் கதை இவ்வளவு இனிப்பாக இல்லை. ஆறாம், ஏழாம் தலைமுறை மதர்போர்டில் எட்டாம் தலைமுறை பிராசஸரைப் போடமுடியாது, சாக்கெட் பெயர் ஒன்றாக இருந்தாலும். அங்கே உச்சம் ஐ7-7700கே: நாலு கோர், எட்டு திரெட். அதைத் தேடிப்பிடித்து வாங்கும் காசை மொத்த மாற்றத்துக்குச் சேர்த்துவைப்பதே மேல்.

கார்டு: பழைய போர்டில் எது ஒத்துப்போகும்?

பி450-இல் கார்டு உட்காரும் இடம் பிசிஐஇ 3.0. புதுக் கார்டுகள் 4.0 அல்லது 5.0-க்காகச் செய்தவை. பழைய போர்டில் செருகினால் வேலை செய்யும், பாதை மட்டும் குறுகிவிடும். எவ்வளவு குறுகும் என்பது கார்டில் எத்தனை லேன் (அந்தப் பாதையின் தடங்கள்) இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 16 லேன் இருந்தால் பெரிதாகத் தெரியாது. 8 லேன் என்றால் விரேம் (கார்டின் சொந்த நினைவகம்) போதும் வரை சமாளிக்கும். விரேம் நிரம்பி வழிந்து ரேமிலிருந்து இழுக்கத் தொடங்கினால் திக்கித் திணறும். ஏஎம்டி-யின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யில் நாலே லேன், 4 ஜிபி விரேம். பழைய போர்டில் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. மலிவாகக் கிடைத்தாலும் தொடவேண்டாம்.

இன்னொன்று டிரைவர் சுமை. டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் என்விடியா டிரைவர் பிராசஸரிடம் ஏஎம்டி-யைவிட அதிக வேலை வாங்கும். வேகமான பிராசஸரில் இது தெரியாது, 2600-இல் தெரியும். இன்டெல் ஆர்க் பி580 இதில் இன்னும் மோசம். 12 ஜிபி விரேமோடு 2024 டிசம்பரில் வந்தபோது எல்லோரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அடுத்த மாதமே பழைய பிராசஸர்களில் அது தடுமாறுவது வெளியே வந்தது. ரீசைஸபிள் பார் (பிராசஸர் விரேம் முழுவதையும் ஒரே நேரத்தில் அணுகும்) வசதி இல்லாத கணினியில் அதைப் போடவே கூடாது. ரைசன் 3000-க்குக் கீழே இன்டெல் அதற்கு ஆதரவும் சொல்லவில்லை. 5600-உம் வாங்கப்போகிறீர்கள் என்றால் ஆர்க்கை யோசிக்கலாம். 2600-ஐ வைத்துக்கொண்டு, வேண்டாம்.

பயன்படுத்திய கார்டு என்றால் போட்டி ஏஎம்டி-யின் ஆர்எக்ஸ் 6600-க்கும் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060-க்கும். சாதாரணக் கேம்களில் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். 6600 வெறும் 132 வாட்டில் ஓடும், ஆனால் 8 ஜிபி, 8 லேன். 3060 170 வாட் கேட்கும். பதிலுக்கு 12 ஜிபி, 16 லேன், டிஎல்எஸ்எஸ் (சிறிய படத்தைப் பெரிதாக்கி வேகம் கூட்டும் என்விடியா வசதி), நல்ல ரே டிரேசிங் எல்லாம் தருகிறது. விலை நெருக்கமாக இருந்தால் நான் 3060 பக்கம். ஒன்றே ஒன்று: 3060 என்ற பெயரிலேயே 8 ஜிபி வகை ஒன்றும் உண்டு, மெமரி பஸ் (விரேமுக்கான பாதை) குறுகியது, வேகமும் குறைவு. விளம்பரத்தில் வெறும் 3060 என்று போட்டிருந்தால் எத்தனை ஜிபி என்று கேட்டுவிட்டுப் பேரத்தை ஆரம்பியுங்கள்.

புதிதாக வாங்குவதென்றால் ஆர்டிஎக்ஸ் 5060, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டும் எதிரெதிர். 5060-இல் 8 ஜிபி, 8 லேன். டிஎல்எஸ்எஸ் தரத்தில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை, புதுக் கணினியில் நல்ல கார்டுதான். ஆனால் நம் பி450-இல் குறுகிய பாதை, டிரைவர் சுமை என மேலே சொன்ன இரண்டு அடிகளும் அதன் தலையில்தான் விழும். 9060 எக்ஸ்டி-யின் 16 ஜிபி வகை விலை கூடுதல், ஆனால் 16 லேன், டிரைவர் சுமையும் குறைவு, டிஎல்எஸ்எஸ்-க்கு ஏஎம்டி-யின் பதிலான எஃப்எஸ்ஆர் 4 வேறு இருக்கிறது. பிறகு கணினியை மொத்தமாக மாற்றினாலும் கூடவே எடுத்துப்போகலாம். கை கொஞ்சம் நீளுமானால் பழைய போர்டுக்கு இதைத்தான் சொல்வேன்.

மற்றவை

ஏஎம்டி-யின் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-க்கு மாறலாமா? மதர்போர்டு, பிராசஸர், டிடிஆர்5 ரேம் என மூன்றையும் ஒன்றாக வாங்கவேண்டும். 2025 கடைசியில் ரேம் விலை எகிறியதிலிருந்து கையில் இருக்கும் டிடிஆர்4-ஐ விட்டுப்போவது கட்டுப்படியாகாத காரியம். ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தால் இன்னொன்றைச் சேருங்கள், அப்புறம் பயாஸில் எக்ஸ்எம்பி-யை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்குங்கள். 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் பலர் கணினியில் வருடக்கணக்காக 2133-லேயே ஓடிக்கொண்டிருக்கிறது. கேம்களுக்குச் சாட்டா எஸ்எஸ்டி-யே போதும்.

பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 1060-க்குப் பெரும்பாலும் 6 பின் மின்கேபிள் போதும், 6600-க்கே 8 பின் வேண்டும். அந்தக் கேபிள் இல்லாத சப்ளையில் மோலெக்ஸ் மாற்றியை (பழைய வகைக் கேபிளை 8 பின் ஆக்கும் இணைப்பு) செருகுவதைவிட சப்ளையையே மாற்றிவிடுங்கள்.

5600 வாங்கினால் பழைய பிராசஸரைக் கழற்றும் முன்பே பயாஸைப் புதுப்பிக்கவேண்டும். சில போர்டுகளில் புதுப் பயாஸ் போட்டபின் மிகப் பழைய பிராசஸர்கள் இயங்காது, அதனால் உங்கள் மாடலின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு இறங்குங்கள். கழற்றும் நாளில் முதலில் கால்மணி நேரம் ஒரு கேமை ஓடவிட்டு கணினியைச் சூடாக்கிவிட்டு, மின்சாரத்தைத் துண்டித்தபின் கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுக்கவேண்டும். நேராக மேலே இழுத்தால், காய்ந்த தெர்மல் பேஸ்டில் ஒட்டிக்கொண்டு பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும்; ஏஎம்4-இல் பின்கள் எல்லாம் பிராசஸரில்தான் இருக்கின்றன.