மூன்று பேப்பர், ஒரே அளவு பிரேம்: ஸ்காபரோவில் ஒரு சின்னக் கடை

டொரொன்டோவின் ஸ்காபரோ பகுதியில், லோரன்ஸ் அவெனியூ கிழக்கில், ஒரு மரக்கறிக் கடைக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னக் கடை. படங்களுக்குப் பிரேம் போடுவதுதான் வேலை. வயதான தமிழர் ஒருவர் தனியாக நடத்துகிறார். போன மாதம் அப்பாவோடு மூன்று பேப்பர் கொண்டு போனேன்: என் யூனிவர்சிட்டிப் பட்டம், தம்பியின் எலெக்ட்ரீஷியன் சான்றிதழ், அப்பாவின் லாண்டட் பேப்பர் (கனடாவில் நிரந்தரமாக இருக்க அனுமதி கிடைத்த தாள்).

என் பட்டம் 2009இலிருந்து ஹோலில்தான் தொங்குகிறது. மலிவுக் கண்ணாடி, எதிரே ஜன்னல்; கையெழுத்து மங்கிப்போயிற்று. தம்பியினுடையது 2019இலிருந்து லாச்சிக்குள் கிடந்தது. அது ஐந்து வருடப் பயிற்சி, 9000 மணித்தியாலம், கடைசியில் 70 புள்ளி எடுத்தால்தான் பாஸாகிற சோதனை. என் நாலு வருடப் படிப்பைவிடக் கஷ்டம் என்று நான் எப்போதும் சொல்வேன். ஆனால் அவன் சேர்ந்த நாளில் அப்பா கேட்டது, "நான் இங்கே கோப்பை கழுவினது நீ வயர் இழுக்கவோ?"

அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஊரில், இலங்கையில், தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்று நாலு பாடமும் எடுத்து, மாவட்டவாரியாக இடம் பிரிக்கிற ஒதுக்கீட்டில் மருத்துவபீடம் கிடைக்காமல் போனவர். 1988இல் மொன்ட்ரியல் வழியாக வந்து அகதி விண்ணப்பம் போட்டார். அப்போது குவிந்து கிடந்த ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களில் அதுவும் ஒன்று. லாண்டட் கிடைக்க 1992 ஆயிற்று. அந்த நாலு வருடமும் இரவில் ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினார். பிள்ளைகள் கழுத்தில் அடையாள அட்டை தொங்க, நாற்காலியில் இருந்து வேலை செய்யவேண்டும்; அதுதான் அவருக்கு முன்னேற்றம். கைவேலை என்றால் திரும்பவும் அந்தச் சிங்குக்கு முன்னால் போய் நிற்கிற மாதிரி.

சரி, கடைக்கு வருகிறேன். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "மூன்றும் ஒரே அளவாய் இருக்கவேணும் அண்ணை." எனக்கே அது புதிது. என் பட்டம் 11க்கு 14 அங்குலம், தம்பியினுடையது சாதாரணக் கடிதத் தாள் அளவு. கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. தம்பியின் சான்றிதழைச் சுற்றி மூன்று விரல் அகலத்துக்கு வெள்ளை மவுண்ட் அட்டையை வைத்துக் காட்டினார். சின்னத் தாள் பெரிதாகத் தெரிந்தது. அதில் இருக்கிற சிவப்பு மேப்பிள் இலை முத்திரை வெள்ளைக்குள் வடிவாக எழும்பி நின்றது. தாளை மஞ்சளாக்காத அமிலமில்லாத அட்டை, வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிற கண்ணாடி, இரண்டையும் அவரே சொல்லிப் போட்டார்.

லாண்டட் பேப்பரை விரித்ததும் கையை எடுத்துவிட்டார். நாலாக மடித்து மடித்து மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த தாள். "இதைப் பிரேமுக்குள் பூட்டி வைக்காதேங்கோ. பென்ஷனுக்குப் போடேக்க ஒரிஜினலைக் கேட்டால் என்ன செய்வியள்?" அப்பாவுக்கு இந்த வருடம் 65. பதினெட்டு வயதுக்குப் பிறகு 40 வருடம் கனடாவில் இருந்தால்தான் முதியோர் பென்ஷன் முழுசாக வரும், அப்பாவுக்கு 37தான். எப்போது வந்தோம் என்பதற்கு ஆதாரம் கையில் இருக்கவேண்டும். கலர் பிரதி எடுத்து அதைப் பிரேம் போட்டார், ஒரிஜினலைப் பிளாஸ்டிக் உறையில் வைத்துத் திருப்பித் தந்தார். லமினேட் பண்ணவேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார். வியாபாரத்தை மட்டும் பார்க்கிறவர் இதையெல்லாம் சொல்லமாட்டார்.

மூன்றுக்கும் வரியோடு 463 டொலர். மலிவில்லை. பத்து நாள் என்று சொல்லி பதினேழு நாள் எடுத்தார், இரண்டு தடவை போன் பண்ணியும் எடுக்கவில்லை. அதற்கு ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன். வேலையில் குறையே இல்லை: மூலைகள் முடி நுழையாத அளவுக்குப் பொருந்தியிருக்கின்றன, பின்பக்கம் முழுக்கத் தாள் ஒட்டித் தூசி போகாமல் அடைத்திருக்கிறார்.

தம்பிதான் வந்து லெவல் வைத்துச் சுவரில் மாட்டினான். நடுவில் எதை மாட்டுவது என்று கேட்டான். அப்பா அவனுடையதைக் காட்டினார்.

நீங்கள் போவதென்றால் பிரதியோ போன் படமோ கொண்டு போகாதீர்கள். தாளைத் தன் கையால் தொட்டு அளக்காமல் அவர் விலை சொல்லமாட்டார்.