ராஸ்டர் (பிக்செல் படம்) கணக்க எக்ஸெலுக்கு எடுக்கிற ஸ்கிரிப்ட், நாலைஞ்சு போகம் பாவிச்ச பிறகு

மட்டக்களப்பு வயல் வட்டைகள்ல வேளாண்மை எப்பிடி நிக்கிது எண்டு சென்டினல்-2 செய்மதிப் படத்துல என்டிவிஐ (பயிர்ப் பச்சையக் காட்டுற சுட்டி) எடுத்து, கிராமசேவகர் பிரிவு வாரியா சராசரிய எக்ஸெல்ல போடுறதுதான் வேலை. ஒண்டு ரெண்டு படத்துக்கு கியூஜிஐஎஸ் எண்ட வரைபட மென்பொருள்ல இரிக்கிற, பிரிவு வாரியாக் கணக்கெடுக்கிற சோனல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் டூலே போதும், ஸ்கிரிப்ட் எழுதி மினக்கெட வேணாம். ஆனா பெரும்போகம் சிறுபோகம் எண்டு படம் குவிஞ்சிட்டா கையால கிளிக் பண்ணி முடியாது, அப்பதான் பைதனும், அதுல இதே கணக்க எடுக்கிற ராஸ்டர்ஸ்டாட்ஸ் எண்ட லைப்ரரியும் கைகுடுக்கும். வேகத்த விட, ஒவ்வொரு போகமும் ஒரே செட்டிங்ல ஓடுது பாருங்க, எனக்கு அதான் பெரிய லாபம்.

ஒண்டு மட்டும் கட்டாயம், சராசரி (mean) கொலத்தோட, எத்தின பிக்செல் எண்டு சொல்லுற கவுண்ட் கொலத்தையும் எடுங்க. மாரியில இஞ்ச முகில் இல்லாத படம் கிடைக்கிறதே அருமை, முகில மாஸ்க் பண்ணி (மறைச்சு) பெறுமதி இல்லாத நோ டேட்டா ஆக்கினா சில பிரிவுல மிஞ்சிறது சொட்டுப் பிக்செல்தான், ஆனா ஷீட்ல அந்தச் சராசரியும் மற்றதுகளப் போல கம்பீரமா நிக்கும். 10 மீற்றர் பிக்செல் எண்டா ஒரு ஹெக்டேயருக்கு 100 வரணும், கவுண்டப் பாத்தா உடன பிடிபட்டிரும். வாவியோரத்துல தண்ணியும் பிரிவு எல்லைப் பொலிகனுக்குள்ள வந்தா சராசரி விழுந்திரும், தண்ணிக்கு என்டிவிஐ சைபருக்குக் கீழ போகுமே. வயல மட்டும் வெட்டி எடுத்து ஓட்டுங்க, ஏலாட்டி மீடியனையாவது (இடையம்) சேருங்க.

மறுகா இன்னொண்டு. 2022 ஜனவரி 25லருந்து வந்த சென்டினல்-2 படங்கள்ல பிக்செல் பெறுமதியோட 1000 கூட்டியிரிக்கு. அதக் கழிக்காம என்டிவிஐ எடுத்தா பச்சை குறைஞ்ச மாதிரிக் காட்டும். அந்த ஜனவரி பெரும்போக வேளாண்மை நிக்கிற நேரம், ஒரே போகத்துல முன்பாதி ஒரு கணக்கு பின்பாதி ஒரு கணக்கு, பாக்கிறவங்க பூச்சி அடிச்சிட்டு எண்டுதான் நினைப்பாங்க. சில இடத்துல கழிச்சே தருவாங்க, அதால மெட்டாடேட்டாவப் பாத்திட்டுக் கழியுங்க.

படமும் எல்லையும் ஒரே ஆள்கூற்று முறையில இரிக்கணும், ராஸ்டர்ஸ்டாட்ஸ் தானா மாத்தித் தராது. நான் ரெண்டையும் யூடிஎம் 44 வடக்குல வச்சிரிக்கன்.

எல்லைய ஷேப்பைல்ல வச்சா கொலப் பேர் 10 எழுத்துக்கு மேல போகாது, தமிழ்ப் பேரும் சிலநேரம் குழம்பிரும், அதுக்குப் பதிலா ஜியோபேக்கேஜ் பைல் நல்லம். எக்ஸெல்ல திறக்கிறதுக்கு சிஎஸ்வி பைல் எழுதக்குள்ள என்கோடிங்க யூடிஎப்-8-சிக் எண்டு குடுங்க, வவுணதீவு வெல்லாவெளி எல்லாம் எக்ஸெல்ல தமிழாவே திறக்கும், வெறும் யூடிஎப்-8 எண்டா அனேகமா கிறுக்கல்தான் வரும்.