ஹெலிக்குச் சில்லா, ஸ்கிட்டா?

யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரர்களுக்கு ஹெலி என்ற சொல்லோடு பயமும் சேர்ந்தே வரும். சத்தம் கேட்டதும் பங்கருக்குள் ஓடிய காலம் எங்களுடையது. போன மாசி மாதம் கொக்குவிலில் வீட்டு விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது ஒன்று தாழப் பறந்து போனது. கிளிநொச்சியில் பொறியியல் படிக்கும் என் மருமகன் முற்றத்துக்கு ஓடிப்போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து கேட்டான்: "மாமா, சிலதுக்குச் சில்லு இருக்கு, சிலதுக்கு வெறும் குழாய்க்கால்தான் இருக்கு. இதில எது நல்லது?"

கனடாவில் இருபது வருடத்துக்கு மேல் ஹெலி பராமரிப்பு வேலை செய்தவன் நான். இதே கேள்வியை ஒருமுறை என் முதலாளியும் கேட்டார். அப்போது சொன்ன பதிலோடு ஆறு வருடம் நானே வாழ வேண்டி வந்தது. அதனால் மருமகனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

2009இல் எங்கள் கொம்பனி ஒரு பாவித்த பெல் 430 வாங்க நினைத்தது. சந்தையில் இரண்டு கிடைத்தன, விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்றுக்குப் பறக்கும்போது உள்ளே மடங்கும் சில்லுகள், மற்றதுக்கு ஸ்கிட், அதாவது மருமகன் சொன்ன அந்தக் குழாய்க்கால். அந்த வகையைப் பெல் நிறுவனம் இரண்டு விதமாகவும் செய்து விற்றது. இயந்திரம், சுழலி, இருக்கை எல்லாம் ஒன்று. வித்தியாசம் காலில் மட்டும். இப்படி நேருக்கு நேர் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு இந்தத் தொழிலில் எப்போதாவதுதான் வரும். நான் ஸ்கிட்டை எடுக்கச் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்கிட் பாரம் குறைவு, விலை குறைவு. மடங்கும் சில்லு காற்றைத் தடுக்காது, அதனால் வேகம் கொஞ்சம் கூடும். மிகப் பெரிய ஹெலிக்குச் சில்லு இல்லாமல் முடியாது. இங்கே விமானப்படை வைத்திருக்கும் எம்ஐ-17 முழுப் பாரத்தோடு 13,000 கிலோ வரும். அதை ஸ்கிட்டில் நிறுத்தினால் நிலத்தில் அசைக்கவே வழியில்லை. பெல் 212 ஏறத்தாழ 5,000 கிலோ, அது ஸ்கிட்டில்தான் நிற்கிறது. ஆகவே கேள்வியே நடுத்தர, சிறிய ஹெலிகளுக்குத்தான்.

எனக்கு முடிவைத் தீர்மானித்த விஷயம் பராமரிப்பு. வேறெதுவும் இல்லை.

மடங்கும் சில்லு என்றால் ரயரும் பிறேக்கும் மட்டும் இல்லை. ஒவ்வொரு காலிலும் எண்ணெயும் நைதரசன் வாயுவும் அடைத்த ஒரு தண்டு இருக்கும். இறங்கும் அதிர்ச்சியை வாங்குவது அதுதான். காலை மடக்கி விரிக்க ஹைட்ரோலிக் குழாய்கள், மேலே பிடித்து வைக்கும் பூட்டு, கீழே இறங்கியதும் விழும் பூட்டு, அதை விமானிக்குச் சொல்லும் சின்னச் சுவிட்சுகள், மூடும் கதவுகள், ஹைட்ரோலிக் பழுதானால் காலை இறக்க வேறொரு அவசர ஏற்பாடு. ஒவ்வொன்றுக்கும் சோதனை நாள், மாற்றும் நாள், பதிவுப் புத்தகத்தில் ஒரு வரி. தண்டின் பளபளப்பான பாகத்தில் ஒரு மணல் ஒட்டினால் போதும், உள்ளே இருக்கும் றப்பர் சீலை அது அரித்துவிடும். காலையில் வெளியே வந்தால் வெள்ளைப் பனியில் சிவப்பு எண்ணெய் கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டைக் கண்டால் அன்றைய பறப்பு போயிற்று.

இந்தக் கொம்பனிக்கு முன் நான் வேலை செய்த இடத்தில் சில்லு மடங்கும் ஹெலி ஒன்று இருந்தது. ஒரு பனிக்கால இரவு, இடது சில்லு இறங்கியதற்கான பச்சை விளக்கு எரியவில்லை. விமானி ஹெலியை ஆளுயரத்துக்கு மேல் அசையாமல் பிடித்து வைத்திருக்க, நான் குனிந்து கீழே போய் டோர்ச் அடித்துப் பார்த்தேன். சுழலிக் காற்றில் பனித்தூள் ஊசிபோல முகத்தில் குத்தியது. சில்லு சரியாக இறங்கிப் பூட்டித்தான் இருந்தது. சுவிட்சுக்குள் தண்ணீர் போய் உறைந்ததுதான் விஷயம். பெருவிரல் நகம் அளவான ஒரு பொருள். அதற்காக அடுத்த நாள் முழுவதும் ஹெலி அதை நிறுத்தி வைக்கும் கூடாரத்துக்குள் (ஹாங்கர்) நின்றது.

ஸ்கிட்டில் இதற்கு என்ன ஈடு? நீளப் பக்கமாக இரண்டு குழாய், அவற்றை வயிற்றோடு சேர்க்கும் இரண்டு குறுக்குக் குழாய். அசையும் பாகம் கிடையாது. குறுக்குக் குழாய் வளைந்துதான் அதிர்ச்சியை வாங்கும். கடுமையாக இறங்கினால் நிரந்தரமாக விரிந்துவிடும். அளவுநாடாவை எடுத்துக் கீழே போய் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று அளப்போம். எல்லைக்குள் இருந்தால் பறக்கலாம், தாண்டினால் குழாயை மாற்ற வேண்டும். அடியில் தேயும் இடத்தில் லாடம் மாதிரி ஒரு தகடு பூட்டியிருக்கும். அது தேய்ந்தால் ஒரு பின்னேரத்தில் புதியது போட்டுவிடலாம்.

ஸ்கிட்டுக்குப் பராமரிப்பே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குறுக்குக் குழாய் வயிற்றோடு பிடிக்கும் இடத்தில் ஒரு பட்டி இருக்கும். அதைக் கழற்றிப் பார்க்காமல் விட்டால், உள்ளே ஈரம் தங்கி அலுமினியத்தில் வெள்ளைப் பூஞ்சணம் போல அரிப்புப் பிடிக்கும். வெளியில் பெயின்ற் நன்றாகத்தான் இருக்கும். விரல் நகத்தால் சுரண்டினால் மாவாகக் கொட்டும். எங்கள் ஊர் உப்புக்காற்றில் சைக்கிள் கம்பி என்ன பாடு படுகிறது என்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஆனால் இது வருடத்தில் சில மணித்தியால வேலை. மூன்று பேர் மட்டும் வேலை செய்யும் இடத்தில் அந்த வித்தியாசம்தான் எல்லாம்.

பெல் நிறுவனமே இந்தப் பாதையில் போயிருக்கிறது. பெல் 222 முதலில் மடங்கும் சில்லோடுதான் வந்தது. பிறகு 222யூரி என்ற வகையில் சில்லை எடுத்துவிட்டு ஸ்கிட் பூட்டினார்கள். சில்லுக்குத் தேவைப்பட்ட இடம் மிஞ்சியதால் எரிபொருள் கூடுதலாகக் கொண்டுபோக முடிந்தது.

சரி, சில்லுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. ஸ்கிட் ஹெலி நிலத்தில் பிணம். கூடாரத்துக்குள் கொண்டுபோகத் தனியாக ஒரு சோடிச் சில்லைக் குழாயில் மாட்டி, கைப்பம்பை அடித்து நாலு விரல் உயர்த்தி, வாலில் ஒருவர் பிடித்துச் சமநிலை பார்க்க, மற்றவர்கள் தள்ள வேண்டும். வல்வெட்டித்துறையில் வள்ளத்தைக் கரையேற்றுகிற மாதிரித்தான். சரளைக் கல்லில் இது முதுகை முறிக்கும். பறக்க முன் அந்தச் சில்லைக் கழற்றினோமா என்று இரண்டு தரம் பார்க்க வேண்டும். சில்லு ஹெலி தானே உருண்டு போகும். இன்னொன்று, ஸ்கிட் ஹெலி இடம் மாற வேண்டுமென்றால் எழும்பிப் பறந்தே ஆக வேண்டும். வலிகாமத்துச் செம்மண்ணில் சித்திரை மாதம் அப்படிச் செய்தால் புழுதி மண்டலமே எழும்பும், இயந்திரமும் அதைக் குடிக்கும்.

பாரம் கூடிய நாளில் ஓடுபாதையில் உருண்டு ஓடி எழும்புவதும், வால் சுழலி பழுதான நேரத்தில் ஓடி இறங்குவதும் சில்லுக்குச் சுலபம். அதை விமானிகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சில்லு ஹெலியோடு நான் வேலை செய்தது இரண்டு வருடம்தான், அதனால் அந்தப் பக்கத்தைப் பற்றி எனக்கு இருக்கும் கருத்து ஸ்கிட் பற்றி இருப்பதுபோல உறுதியானது இல்லை.

சில்லு என்றால் ஓடுபாதை வேண்டும் என்று மருமகன் நினைத்திருந்தான். அது பிழை. 1987 ஒக்டோபர் 11 இரவு யாழ். பல்கலைக்கழக மைதானத்தில் இந்தியப் படை இறங்கியது எம்ஐ-8 ஹெலிகளில். அவற்றுக்கும் சில்லுத்தான். மைதானம், வயல், தோட்டம் எல்லாவற்றிலும் சில்லு இறங்கும். எவ்வளவு நேரம் நிற்கிறது, நிலம் எவ்வளவு ஈரம் என்பதுதான் கேள்வி. மாரியில் வயலுக்குள் ஒரு ரயர் எவ்வளவு புதையும் என்று லாண்ட் மாஸ்டர் உழவு இயந்திரம் ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நீளக் குழாய் பாரத்தைப் பரப்பிக் கொடுக்கும். அதுவும் போதாதென்றால் பின்பக்கத்தில் அகலத் தட்டு பூட்டலாம். ஆனால் ஸ்கிட் சேற்றிலோ வேரிலோ ஒரு பக்கம் மாட்டிக்கொண்டிருக்கும்போது விமானி அவசரப்பட்டு எழுப்பினால் ஹெலி மாட்டின பக்கமாகப் புரண்டுவிடும். இதை ஸ்கிட்டின் மிகப் பெரிய ஆபத்து என்றே சொல்வேன்.

விற்கிற நேரத்தில் என்ன ஆகும்? வசதியான ஆட்களை ஏற்றி இறக்கும் கொம்பனிகள் சில்லைத்தான் விரும்பும். பார்க்க அழகு, படியும் பதிவு. நோயாளர் காவுவதற்கும் காட்டு வேலைக்கும் வாங்குகிறவர்கள் ஸ்கிட் கேட்பார்கள். எங்கள் 430ஐ ஆறு வருடத்துக்குப் பிறகு விற்றபோது நான் பக்கத்தில் நின்றேன். வாங்க வந்தவர் உள்ளிருக்கையைக்கூடப் பார்க்காமல், முதலில் கேட்டது குறுக்குக் குழாய் அளந்த பதிவுகளைத்தான். ஆறு வருடமும் நானே எழுதியவை. ஒரு பக்கத்தையும் அவர் விடவில்லை.

"அப்ப நெடுந்தீவுக்கு நோயாளரை ஏத்த ஒண்டு வாங்கினால்?" என்றான் மருமகன். பலாலியில் ஒழுங்கான கூடாரமும் பத்துப் பேர் வேலைக்கும் இருந்தால் சில்லை மறுக்க மாட்டேன் என்றேன். ஒரேயொரு சின்ன ஹெலி, பள்ளிக்கூட மைதானத்தில் இறக்கம், மூன்று பேர் வேலைக்கு என்றால் ஸ்கிட்தான். கடலுக்கு மேல் பறப்பதால் குழாயோடு அவசர மிதவையும் பூட்டச் சொன்னேன். அடித்தகடு இரண்டு சோடி கூடுதலாக வாங்கி வைக்கவும், ஒவ்வொரு மாரி முடியவும் அந்தப் பட்டியைக் கழற்றிப் பார்க்கவும் சொன்னேன்.