ஸ்டோரிவீவர்: வகுப்பறைக்குக் கொண்டுபோகும் முன்

குழந்தைகளுக்கான நூல்களை வெளியிடும் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் படக்கதைகள் எல்லாம் இலவசம். வாசிப்புத் திறனுக்கேற்ப நான்கு நிலைகள். ஆனால் நிலை எண்ணை மட்டும் நம்பி எடுத்துவிடாதீர்கள். யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்து ஏற்றலாம் என்பதால், மூலத்தில் எளிதாக இருந்த கதை தமிழில் நீளநீளமான புணர்ச்சிச் சொற்களோடு கனத்துப்போயிருக்கும். முதலில் வாய்விட்டு ஒருமுறை படியுங்கள், நாக்கு தடுக்குகிறதா? கணக்கில் உள்நுழைந்து, வரிகளை எளிமையாக்கிப் புதுப் பதிப்பாகவே வெளியிடலாம். இந்த வசதிக்காகவே தளத்தைப் பாராட்டலாம்.

அச்சிடும்போது காகிதத்தை மிச்சம் பிடிக்கக் கடைசிப் பக்கங்களைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எழுதியவர், வரைந்தவர் பெயரும் உரிம விவரமும் இருப்பது அங்கேதான். கதைகளைப் பகிரவும் மாற்றவும் அனுமதிக்கும் சிசி பை (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் பெயர் குறிப்பிடுவது கட்டாயம். நூலகப் பட்டியலில் பதியவும் அதுவே கைகொடுக்கும். இணையம் தடுமாறும் பள்ளி என்றால் முதல் நாளே பிடிஎஃப் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.