மருந்துச் சோதனையா, கணக்கெடுப்பு ஆய்வா?

சேலம் ஆஸ்பத்திரியில் "ஆய்வுல சேர்றீங்களா?" என்று கேட்டால், எந்த மாதிரி ஆய்வு என்று முதலில் கேளுங்கள்.

கணக்கெடுப்பு ஆய்வு என்றால் கொஞ்சம் கேள்விகள், எடை, பிரஷர், ஒரு குழாய் ரத்தம். மருந்து எதுவும் தரமாட்டார்கள். முதல்முறை சேர்பவருக்கு இதுவே நல்லது என்பேன்.

மருந்துச் சோதனை அப்படியல்ல. கைக்கு வருவது புது மருந்தா, வெற்று மாத்திரையா என்பது பல சோதனைகளில் டாக்டருக்கே தெரியாது. திரும்பத் திரும்ப வரச் சொல்வார்கள். ஏற்காடு எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தால் அன்றைய கூலி போச்சு. அதனால் பஸ் செலவும் கூலியும் கிடைக்குமா என்று கூச்சப்படாமல் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை. புது மருந்து, மருந்துச் சோதனை பற்றிய மத்திய அரசின் 2019 விதிகளின்படி, சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகளைப் பதிந்து வைக்கும் சிடிஆர்ஐ (CTRI) இணையப் பதிவேட்டில் அந்தச் சோதனை இருக்கிறதா என்று வீட்டுப் பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், காசு கிடையாது.

எதில் சேர்ந்தாலும் ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் தமிழில் இருக்கணும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வழக்கமான சிகிச்சை அதனால் நிற்கக்கூடாது. "இங்கேயே கையெழுத்துப் போடுங்க" என்று அவசரப்படுத்தினால், வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்துவிடுங்கள்.