பாறை ஏறப் போக எந்த வண்டி: வேனா, வேகனா, ஃபோர் வீல் டிரைவா?

பாறை ஏறுபவர்கள் வண்டி வாங்கக் கிளம்பினால் பேச்சு நேராகக் கடைசி இரண்டு கிலோமீட்டர் மண் சாலைக்குப் போய்விடும். "அந்தக் கல்லு ரோட்டுல ஏறுமா?" சரி, கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் முந்தைய இரவு அந்த வண்டியில்தான் படுக்கிறோம். மறுநாள் முழுக்க ஆளில்லாத இடத்தில் அதை நிறுத்திவிட்டுப் போகிறோம். நம் உயிரைத் தாங்கும் கயிற்றை அதன் டிக்கியில்தான் வைக்கிறோம். நான் வண்டி பார்ப்பது இந்த மூன்றையும் வைத்துத்தான்.

முதலில் கயிறு. ஏறும் கயிறு நைலான். பேட்டரியில் இருக்கும் கந்தக அமிலம் நைலானுக்கு எமன். அமிலம் பட்ட கயிறு பார்க்கப் புதிதுபோலவே இருக்கும், தடவிப் பார்த்தாலும் தெரியாது, விழும்போது அறுந்துவிடும். ஒருமுறை பழைய பேட்டரி ஒன்றை என் டிக்கியில் வைத்து எடுத்துப்போனேன். இரண்டு நாள் கழித்து அதே விரிப்பின்மேல் கயிற்றுப் பையைப் போட்டேன். பையை எடுக்கும்போது, விரிப்பில் உள்ளங்கை அளவுக்கு ஓரம் வெளுத்த ஒரு ஈரத் திட்டு. பையின் அடித்துணி அந்த இடத்தில் பிசுபிசுத்தது. கயிற்றில் ஒரு குறையும் கண்ணுக்குத் தெரியவில்லை. இருந்தாலும் வேறு யாரும் எடுத்துக் கட்டிவிடக் கூடாது என்று, அந்த 70 மீட்டரையும் துண்டு துண்டாக வெட்டித்தான் எறிந்தேன். சில கார்களில் பேட்டரியே டிக்கிக்கு அடியில்தான் இருக்கிறது. அதனால் எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிடுவேன். பிடித்த வண்டியில் பேட்டரி அங்கே இருந்தால் வாங்கக் கூடாது என்றில்லை. கயிற்றுக்கு மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி ஒன்று கட்டாயம்.

இப்போது வேன். கயிறே இல்லாமல் பெரிய பாறைகளை ஏறிப் பேர்பெற்ற அலெக்ஸ் ஹானல்ட் பல வருடங்கள் ஃபோர்டு எகனோலைன் வேனிலும், அப்புறம் ராம் புரோமாஸ்டரிலும் வாழ்ந்தவர். அவரைப் பார்த்து வேன் ஆசை வராத ஆளே இல்லை. ஆசையில் தவறும் இல்லை. நிமிர்ந்து நின்று உடை மாற்றலாம், மழை பெய்தால் உள்ளே உட்கார்ந்து படிக்கலாம், நனைந்த கயிற்றைக் குறுக்கே கட்டி உலர்த்தலாம். வாரக்கணக்கில் ஊர் ஊராகப் பாறை தேடிப் போகிறவருக்கு இதற்கு நிகர் வேறு எதுவும் கிடையாது. ஆனால் புரோமாஸ்டர் போன்ற முன்சக்கர இழுவை வேன்களில் ஒரு சிக்கல் உண்டு. கட்டில், தண்ணீர், சாமான் எல்லாம் பின்பக்கம் ஏறியிருக்கும். சரளைக்கல் மேட்டில் ஏறும்போது பாரம் இன்னும் பின்னால் சாயும், இழுக்க வேண்டிய முன்சக்கரம் பிடி இல்லாமல் சுற்றும். உயரமான கூரை தாழ்ந்த கிளைகளில் இடிக்கும். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அடுப்பு பற்றவைப்பதும் ஆபத்து: கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இன்னொன்று, அமெரிக்காவின் யோசமிட்டி தேசியப் பூங்கா போன்ற இடங்களில் முகாம் இடத்துக்கு வெளியே வண்டியில் தூங்கத் தடை. "எங்கே வேண்டுமானாலும் படுத்துக்கொள்ளலாம்" என்று நினைத்து மட்டும் வேன் வாங்க வேண்டாம்.

ஃபோர் வீல் டிரைவ் பக்கம் சுசுகி ஜிம்னியை எடுத்துக்கொள்வோம். உண்மையிலேயே கெட்டிக்கார வண்டி. கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிப்பக்கத்துக்கும் இடைவெளி) 210 மில்லிமீட்டர், மேட்டில் மூக்கு இடிக்காமல் ஏறும் கோணம் 37 டிகிரி, மெதுவாக ஊர்ந்து ஏறத் தனி கியர். ஆனால் மூன்று கதவு ஜிம்னியில் பின்சீட்டை நிமிர்த்தி வைத்தால் டிக்கி 85 லிட்டர்தான். இரண்டு பேருடைய 40 லிட்டர் பைகள் ஏறினால் கணக்கு முடிந்தது. கயிறு யார் மடியில்? விழுந்தால் தாங்கக் கீழே விரிக்கும் மெத்தையான கிராஷ் பேடை மடித்தாலே கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். கயிறில்லாமல் தாழ்வான பாறைகளில் ஏறும் போல்டரிங் ஆட்கள் அதில் மூன்றைக் கொண்டுபோக முடியாது.

ஸ்டேஷன் வேகன், அதாவது கூரை கடைசிவரை நீண்டு பெரிய டிக்கியோடு வரும் கார்தான் என் தேர்வு. சுபாரு அவுட்பேக்கின் கிரவுண்ட் கிளியரன்ஸ் சுமார் 220 மில்லிமீட்டர், ஜிம்னியைவிடக் கொஞ்சம் அதிகமே. ஆனால் நீண்ட மூக்கு என்பதால் ஏறும் கோணம் சுமார் 20 டிகிரிதான்: குழிகளைத் தாண்டும், திடீர் மேட்டில் முட்டும். பெரும்பாலான பாறைகளுக்குப் போகும் பாதைக்கு இது போதும். பின்சீட்டை மடக்கி, முன்சீட்டைச் சற்றுத் தள்ளினால் இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கலாம், கிராஷ் பேடே மெத்தை. பாதை அவ்வளவு மோசமில்லை என்றால் ஸ்கோடா ஆக்டேவியா வேகனே போதும். டிக்கி 640 லிட்டர், ஆனால் உடம்பு தாழ்வு.

திருட்டு விஷயத்திலும் வேகனுக்கே என் ஓட்டு. படுக்கை போட்ட வேனைப் பார்த்தாலே உள்ளே வீடே இருக்கிறது என்று தெரிந்துவிடும். வேகனில் மூடு திரையை இழுத்துவிட்டால் சாதாரணக் குடும்பக் கார். ஏறுதல் ஸ்டிக்கர்களை மட்டும் கண்ணாடியில் ஒட்டாதீர்கள்.

பிக்கப் வண்டி, மேலே கூடு போட்டால் பரவாயில்லை. போடாவிட்டால் மழையும் தூசியும் கயிற்றில்தான். சின்ன ஹேட்ச்பேக்கைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். கூடாரத்தில் படுக்கும் இரண்டு பேருக்கு அதுவே தாராளம், மிச்சமாகும் எரிபொருளில் இன்னும் இரண்டு பயணம் போகலாம்.

எதை முடிவு செய்தாலும், பணம் கொடுக்கும் முன் ஸ்டெப்னியைக் கேளுங்கள். புதிய வண்டிகள் பலவற்றில் ஸ்டெப்னிக்குப் பதில் ஒரு பசைக் குப்பிதான் வருகிறது. அது ஆணி குத்திய ஓட்டையை அடைக்கும். கூரான கல் டயரின் பக்கவாட்டைக் கிழித்தால் ஒன்றும் செய்யாது. பாறைப் பக்கம் அதிகம் கிழிவது அந்தப் பக்கவாட்டுதான்.