அடையாளம் அழிந்த ஆறு வயர்: பேட்டரியா, டிரான்ஸ்ஃபார்மரா, கைச்சுற்றா?

பழைய மெஷினிலிருந்து கழற்றிய மூன்று ஃபேஸ் மோட்டாரில் எண்ணில்லாத ஆறு வயர்கள் நீட்டிக்கொண்டிருந்தால், பாதி வேலையை ஓம் மீட்டரே முடித்துவிடும். கன்டினியூட்டி காட்டும் ஜோடிகள் மூன்று கிடைக்கும். மூன்றின் ஓமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) ஜோடிக்கு ஜோடியும், ஜோடிக்கும் பாடிக்கும் பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் முதலில் காய வைக்க வேண்டும். கூடவே மெல்லிய இரண்டு வயர் இருந்தால் அது தெர்மிஸ்டராக (சூட்டை உணரும் சென்சார்) இருக்கலாம், அதில் மெகர் வைக்காதீர்கள்.

சிக்கல் அடுத்ததில்தான்: ஒவ்வொரு சுருளுக்கும் தலை எது, வால் எது? ஒன்றே ஒன்று தலைகீழானாலும் மோட்டார் உறுமும், கரன்ட் எகிறும், லோடு ஏறினால் நின்றுவிடும். லைனில் போட்டுப் பார்த்துத் திருத்துவது வைண்டிங்கை எரிக்கும் வழி.

பேட்டரி முறைக்கு 1.5 முதல் 6 வோல்ட் பேட்டரியும் முள் மீட்டரும் போதும். ஒரு சுருளின் ஒரு முனையை யு1 (தலை) என்று வைத்து அதில் பிளஸ்ஸைத் தொடுங்கள், மைனஸ் மறுமுனையான யு2-வில் (வால்). மீட்டர் அடுத்த சுருளில், மிகச் சிறிய டிசி ரேஞ்சில் இருக்கட்டும். தொடும் கணத்தில் முள் முன்னே போனால், மீட்டரின் மைனஸ் இருக்கும் முனைதான் வி1, அந்தச் சுருளின் தலை. மூன்றாவது சுருளுக்கும் (டபிள்யு1, டபிள்யு2) இதே விதி. பேட்டரியை எடுக்கும்போது முள் எதிர்ப்பக்கம் துள்ளும். அதைக் கணக்கில் எடுத்தால் எல்லாமே தலைகீழாகும். எடுக்கும் கணத்தில் ஷாக்கும் அடிக்கும், விரல் படக்கூடாது. டிஜிட்டல் மீட்டர் இந்தத் துள்ளலைப் பெரும்பாலும் தவறவிடும்.

டிரான்ஸ்ஃபார்மர் முறையில் இந்தக் குழப்பம் இல்லை. ஏசி 24 வோல்ட், ஃப்யூஸுடன். தனித்தனி வைண்டிங் உள்ள டிரான்ஸ்ஃபார்மராக இருக்கட்டும், வேரியாக் (ஒரே வைண்டிங்கில் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வேண்டாம். இரண்டு சுருளைத் தொடராக இணைத்து ஓரிரு வினாடி சப்ளை கொடுத்து, மூன்றாவதில் வோல்ட் பாருங்கள். கணிசமாகக் காட்டினால் தலையும் வாலும் சேர்ந்திருக்கின்றன. கிட்டத்தட்ட சுழியம் என்றால் தலையோடு தலை, அல்லது வாலோடு வால். டிஜிட்டல் மீட்டரே போதும். பதில் ஆம், இல்லை என்று வரும். இரண்டில் ஒன்றென்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

கைச்சுற்று முறை சரிபார்க்க மட்டும். மூன்று தலையும் ஒன்றாக, மூன்று வாலும் ஒன்றாகக் கட்டி, நடுவே மில்லிஆம்பியர் மீட்டர் வைத்து ஷாஃப்டைச் சுற்றுங்கள். முள் ஆடினால் ஒன்று தலைகீழ். ஆடவில்லையென்றால் சரி என்று சொல்லிவிட முடியாது. ரோட்டரில் எஞ்சிய காந்தம் போயிருந்தாலும் அப்படித்தான் இருக்கும். (ஒன்பது வயர் மோட்டாரென்றால் இந்த முறைகளை அப்படியே எடுக்காதீர்கள்.)

ஒன்று கவனியுங்கள்: முதலில் எதை யு1 என்றீர்களோ அது உண்மையான யு1 ஆக வேண்டியதில்லை. மூன்றும் ஒரே திசையில் இருந்தால் போதும். சுழற்சி மாறினால் இரண்டு லைனை மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்டாருக்கு மூன்று வாலையும் சேர்த்து, தலைகளுக்கு சப்ளை. டெல்டாவுக்கு யு1-டபிள்யு2, வி1-யு2, டபிள்யு1-வி2. நேம்பிளேட் இல்லையென்றால் ஸ்டாரில், லோடு இல்லாமல் தொடங்குங்கள்: டெல்டாவுக்கான மோட்டார் ஸ்டாரில் இழுவை குறைந்து ஓடும், அவ்வளவே. ஸ்டாருக்கான சுருளை அதே லைனில் டெல்டாவாகக் கட்டினால் 1.73 மடங்கு வோல்ட் ஏறி எரிந்துபோகும்.